திரும்பி வந்த பணத்துக்கும் வரியா? அமெரிக்க மாநிலங்கள் அனுப்பும் 1099-ஜி படிவத்தைப் படிக்கும் விதம்

ஜனவரி கடைசி வாரம் வந்துவிட்டால் அமெரிக்கத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஸ்கிரீன்ஷாட் சுற்றத் தொடங்கும். மேலே 1099-ஜி என்று இருக்கும். இரண்டாவது கட்டத்தில் 1,043 டாலர் என்பதுபோல ஒரு தொகை. கூடவே ஒரு கேள்வி: "இது நான் கூடுதலாகக் கட்டின ஸ்டேட் டாக்ஸ்தானே? என் காசு எனக்கே திரும்பி வந்தது. அதுக்கும் வரியா?"

பத்து நிமிடத்தில் மூன்று பதில்கள் வந்துவிடும். "1099 என்று எது வந்தாலும் வருமானம்தான், காட்டியே ஆகணும்" என்பார் ஒருவர். "ரீஃபண்டுக்கு வரியே கிடையாது, தூக்கிப் போடுங்க" என்பார் இன்னொருவர். "சாஃப்ட்வேர் கேட்கிறதை நிரப்புங்க, அது பார்த்துக்கும்" என்பார் மூன்றாமவர். முதல் இரண்டு பதில்களும் சிலருக்குப் பொருந்தும், சிலருக்குப் பொருந்தாது. மூன்றாவது சரிதான். ஆனால் சாஃப்ட்வேர் கேட்கும் ஒரு கேள்விக்கு நாம் சரியான பதில் தர வேண்டும், அந்தக் கேள்வி ஏன் வருகிறது என்று பலருக்கும் தெரிவதில்லை.

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்குக் குழப்பம் இன்னும் கொஞ்சம் கூடுதல். அங்கே சம்பளத்துக்கு வருமான வரி வாங்குவது மத்திய அரசு மட்டும். ரீஃபண்ட் வந்தால் அதோடு வரும் வட்டிக்குத்தான் வரி. ரீஃபண்ட் தொகை வருமானமே இல்லை. இங்கே ஃபெடரல் அரசு ஒரு வரி, மாநிலம் ஒரு வரி என்று இரண்டு கை நீள்கிறது. சிக்கல் அந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

முதலில் மளிகைக் கணக்கு

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் நீங்கள் மளிகை வாங்குகிறீர்கள். பில்லைக் காட்டினால் அப்பா அந்தப் பணத்தைத் தந்துவிடுவார். இந்த மாதம் 500 ரூபாய்க்குப் பில் காட்டி 500 ரூபாய் வாங்கிக்கொண்டீர்கள். பத்து நாள் கழித்துக் கடைக்கார அண்ணாச்சி கூப்பிட்டு, "தம்பி, அன்னைக்குக் கணக்கில் 50 ரூபாய் கூடப் போட்டுட்டேன்" என்று திருப்பித் தருகிறார். அந்த 50 யாருடையது? நியாயப்படி அப்பாவுடையது. 500 செலவு என்று சொல்லி வாங்கியிருக்கிறீர்கள், உண்மையில் ஆனது 450.

இப்போது வீட்டு வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றுவோம். அப்பா பில்லே கேட்பதில்லை. மாதம் 1,000 ரூபாய் தருகிறார், எவ்வளவு செலவானாலும் அவ்வளவுதான். அண்ணாச்சி 50 ரூபாய் திருப்பித் தந்தால் அப்பாவிடம் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் 500 செலவழித்தாலும் 450 செலவழித்தாலும் அவர் தந்திருக்கப்போவது அதே 1,000.

மூன்றாவது வகை. அப்பா பில் கேட்கிறார், ஆனால் "மளிகைக்கு 400-க்கு மேல் தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். நீங்கள் 500-க்குப் பில் காட்டினீர்கள், 400 தந்தார். அண்ணாச்சி 50 திருப்பித் தந்தபின் உண்மைச் செலவு 450. அதுவும் 400-க்கு மேல்தான். அப்பாவுக்குத் தர வேண்டியது எதுவுமில்லை.

இந்தக் கதையில் அண்ணாச்சி மாநில அரசு, அப்பா ஃபெடரல் அரசு. ஓர் இடத்தில் மட்டும் உவமை இடிக்கும்: ஃபெடரல் அரசு செலவை முழுசாகத் தருவதில்லை, அந்தத் தொகைக்குரிய வரியை மட்டும் விட்டுக்கொடுக்கிறது. மற்றபடி மொத்த விஷயமும் இதுதான். இனி வருவதெல்லாம் பெயர்களும் எண்களும்.

அந்தக் காகிதம் என்ன சொல்கிறது?

1099 என்று தொடங்கும் படிவங்கள் எல்லாமே தகவல் படிவங்கள். ஒருவர் உங்களுக்குப் பணம் கொடுத்தார் என்பதை உங்களுக்கும் ஐஆர்எஸ்ஸுக்கும், அதாவது ஃபெடரல் வரித்துறைக்கும், தெரிவிக்கிற காகிதம். வட்டிக்கு ஒன்று, டிவிடெண்டுக்கு ஒன்று என்று பல உண்டு. அரசாங்கம் கொடுக்கும் சில வகைப் பணத்துக்கு உரியது 1099-ஜி. இது வரி கட்டச் சொல்லும் பில் அல்ல. "கொடுத்தோம்" என்பதோடு அதன் வேலை முடிந்தது. அந்தப் பணம் உங்களுக்கு வருமானமா இல்லையா என்பதை அது சொல்வதில்லை. சொல்லவும் முடியாது, ஏனென்றால் அதற்கான விடை உங்கள் பழைய ஃபெடரல் ரிட்டர்னில் இருக்கிறது.

முதல் கட்டம் வேலையில்லாக் கால உதவித்தொகைக்கு. நாம் பார்க்க வேண்டியது இரண்டாவது கட்டம். மாநில அல்லது உள்ளூர் வருமான வரியிலிருந்து உங்களுக்குத் திரும்பிய தொகை அங்கே இருக்கும். மூன்றாவது கட்டம் அது எந்த வரி ஆண்டுக்கானது என்று சொல்லும்.

10 டாலரோ அதற்கு மேலோ திருப்பித் தந்திருந்தால் மாநிலம் ஐஆர்எஸ்ஸுக்குத் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கான பிரதி ஜனவரி 31-க்குள் வர வேண்டும். ஆனால் நீங்கள் செலவுகளைத் தனித்தனியாகக் கழிக்கவில்லை என்று தெரிந்தால் உங்களுக்குப் பிரதி அனுப்பத் தேவையில்லை என்று சட்டமே விலக்கு தருகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்து உங்களுக்கு வராமல் போக அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்கள் ரீஃபண்டுக்கான இந்தப் படிவத்தைத் தபாலில் அனுப்புவதில்லை. இணையதளத்தில் போய் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். தபால் வரவில்லை என்பதால் வரி இல்லை என்று ஆகிவிடாது. வந்துவிட்டதால் வரி உண்டு என்றும் ஆகாது.

ஆண்டுக் கணக்கிலும் பலர் தடுமாறுகிறார்கள். 2024-இல் சம்பாதித்த பணத்துக்கான மாநில ரிட்டர்னை 2025 ஏப்ரலில் தாக்கல் செய்கிறீர்கள். ரீஃபண்ட் மே மாதம் வருகிறது. 1099-ஜி 2026 ஜனவரியில் வரும். மூன்றாவது கட்டத்தில் 2024 இருக்கும். வரி உண்டு என்றால் அது 2025-ஆம் ஆண்டின் வருமானம், ஏனென்றால் பணம் கைக்கு வந்தது 2025-இல். ஆனால் வரி உண்டா இல்லையா என்று பார்க்க எடுக்க வேண்டியது 2024 ரிட்டர்ன். ஒரு காகிதம், மூன்று ஆண்டுகள். குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதுவரை பார்த்தது இவ்வளவு: மாநிலம் கொடுத்ததைச் சொல்கிறது. வரி உண்டா என்பதை மூன்றாவது கட்டத்தில் இருக்கும் ஆண்டின் ஃபெடரல் ரிட்டர்ன் சொல்கிறது.

பில் காட்டினீர்களா, மொத்தமாக வாங்கினீர்களா?

ஃபெடரல் வரி போடும்போது உங்கள் வருமானத்திலிருந்து ஒரு தொகையைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் வரி. அந்தக் கழிவுக்கு இரண்டு வழி.

ஒன்று, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன். பில்லே கேட்காத அப்பா. 2024-ஆம் ஆண்டுக்குத் தனிநபருக்கு 14,600 டாலர், கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 29,200.

இன்னொன்று, ஐட்டமைஸ் செய்வது. வீட்டுக் கடன் வட்டி, மாநில வருமான வரி, சொத்து வரி, நன்கொடை என்று ஒவ்வொன்றாக ஷெட்யூல் ஏ என்ற தாளில் எழுதிக் கழிப்பது. இவர் பில் கேட்கும் அப்பா.

ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது. ரீஃபண்ட் 200 டாலராக இருந்தாலும் 5,000 டாலராக இருந்தாலும் அதில் ஒரு சென்ட்கூட வருமானம் இல்லை. 2017-இல் வந்த வரிச் சட்டம் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிய பிறகு மிகப் பெரும்பாலானோர் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். அதனால்தான் "தூக்கிப் போடுங்க" என்று சொல்பவரின் பேச்சு பெரும்பாலும் பலித்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று வருடம் தொடர்ந்து ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுத்துக்கொண்டே, ரீஃபண்டையும் வருமானத்தில் சேர்த்து வரி கட்டியிருந்தார். ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவர் 1099 என்று பார்த்ததும் யோசிக்காமல் எண்ணைத் தட்டியிருக்கிறார். அப்படி நடந்திருந்தால் 1040-எக்ஸ் என்ற திருத்த ரிட்டர்ன் போட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்குப் பொதுவாகத் தாக்கல் செய்த நாளிலிருந்து 3 ஆண்டு அவகாசம் உண்டு.

ஐட்டமைஸ் செய்து மாநில வரியைக் கழித்திருந்தால் மட்டும்தான் அடுத்த கேள்வி வருகிறது: அந்தக் கழிவால் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு லாபம்? லாபம் கிடைத்த அளவுக்குத்தான் திரும்பி வந்த பணம் வருமானம். இதை வரிப்பயன் விதி என்று சொல்லலாம். அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 111-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது.

ஃபெடரல் ரீஃபண்டுக்கு ஏன் இந்தத் தொல்லையே இல்லை என்பதற்கும் இதுவே விடை. ஃபெடரல் வருமான வரியை ஃபெடரல் ரிட்டர்னில் கழிக்க வழியே கிடையாது. கழிக்காததற்கு லாபமும் இல்லை, திரும்பி வந்தால் கணக்கும் இல்லை. அதற்கு 1099-ஜி வருவதும் இல்லை.

பாதிக்கு வரி, பாதிக்கு இல்லை

வட கரோலினாவில் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். 2024-இல் வீட்டுக் கடன் வட்டி 18,000 டாலர். சம்பளத்தில் பிடித்த மாநில வரி 5,500. சொத்து வரி 3,500. நன்கொடை 3,000. கூட்டினால் 30,000. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 29,200, ஆகவே ஐட்டமைஸ் செய்தார்கள். 2025-இல் மாநிலத்திடமிருந்து 1,200 டாலர் ரீஃபண்ட் வந்தது.

1,200-க்கும் வரியா? பொறுங்கள். அந்த 1,200-ஐ அவர்கள் முதலிலேயே கூடுதலாகக் கட்டாமல் இருந்திருந்தால் கழிவு 28,800 ஆகியிருக்கும். அப்போது ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனான 29,200-ஐயே எடுத்திருப்பார்கள். ஆக, பில் காட்டியதால் அவர்களுக்குக் கிடைத்த கூடுதல் 30,000-க்கும் 29,200-க்கும் உள்ள 800 மட்டும்தான். 1,200-இல் 800 டாலர் வருமானம், மிச்சம் 400-க்கு வரி இல்லை. படிவத்தில் 1,200 என்று இருப்பதைப் பார்த்து அப்படியே எழுதினால் இவர்கள் நஷ்டப்படுவார்கள்.

அந்த 800 போகும் இடம் ஷெட்யூல் 1-இன் முதல் வரி. அங்கே எவ்வளவு எழுதுவது என்று கணக்கிட ஐஆர்எஸ்ஸின் வழிகாட்டிக் குறிப்பில் ஒரு பக்கக் கணக்குத் தாள் இருக்கிறது. "போன வருடம் ஐட்டமைஸ் செய்தீர்களா? மொத்தம் எவ்வளவு? மாநில வரி எவ்வளவு கழித்தீர்கள்?" என்று சாஃப்ட்வேர் நோண்டி நோண்டிக் கேட்பது அந்தத் தாளை நிரப்பத்தான். புதிய சாஃப்ட்வேருக்கு மாறியவர்கள் இந்த இடத்தில்தான் தப்பு செய்கிறார்கள். பழைய ரிட்டர்ன் அதனிடம் இருக்காது, நாமும் தேடச் சோம்பல்பட்டு எதையோ அமுக்கிவிடுகிறோம்.

உச்சவரம்பு என்ற வேலி

இப்போது நியூஜெர்சியின் எடிசன். தமிழ்க் கடைகளுக்குக் குறைவில்லாத ஊர், சொத்து வரிக்கும் குறைவில்லை. அங்கே ஒரு தம்பதிக்கு 2024-இல் சொத்து வரி 11,000 டாலர், மாநில வருமான வரி 7,000, வீட்டுக் கடன் வட்டி 22,000.

மாநில வருமான வரி, சொத்து வரி இரண்டும் சேர்ந்த 18,000-ஐயும் கழிக்க முடியாது. 2018 முதல் 2024 வரை இவ்வகை வரிகளுக்கு மொத்த உச்சவரம்பு 10,000 டாலர். கணவன் மனைவி தனித்தனியாகத் தாக்கல் செய்தால் ஆளுக்கு 5,000. இதைத்தான் சால்ட் கேப் என்கிறார்கள். உப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஸ்டேட் அண்ட் லோக்கல் டாக்ஸ், அதாவது மாநில, உள்ளூர் வரி என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்த பெயர். ஆக இவர்கள் கழித்தது 22,000 + 10,000 = 32,000.

அடுத்த ஆண்டு 900 டாலர் ரீஃபண்ட் வந்தது. அதைக் கழித்துப் பார்த்தால் உண்மையில் கட்டிய வரிகள் 17,100. அதுவும் 10,000-க்கு மேல்தான். கழிவு மாறவே மாறாது. எனவே 900-க்கும் வரி இல்லை, ஐட்டமைஸ் செய்திருந்தும். மளிகைக்கு 400-க்கு மேல் தராத அந்த மூன்றாவது அப்பா இவர்தான். 2019-இல் ஐஆர்எஸ் வெளியிட்ட அதிகாரபூர்வ விளக்கம் ஒன்று இதே தர்க்கத்தை எண்களோடு விளக்குகிறது.

இன்னொரு வழியும் உண்டு. மாநில வருமான வரிக்குப் பதிலாக விற்பனை வரியைக் கழிக்கலாம், இரண்டில் ஒன்றுதான். விற்பனை வரியைக் கழித்தவர் வருமான வரி ரீஃபண்டைக் கண்டு பயப்படத் தேவையில்லை. டெக்சஸ், ஃபுளோரிடா, வாஷிங்டன்காரர்களுக்குச் சம்பளத்துக்கு மாநில வரியே இல்லை, இந்தக் கட்டுரையே தேவையில்லை.

சரி, இதுவரை வந்த மூன்று விடைகள்: ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுத்தால் பூஜ்யம், உச்சவரம்பைத் தாண்டி வரி கட்டியிருந்தால் பெரும்பாலும் பூஜ்யம், மற்றவர்களுக்கு லாபம் கிடைத்த அளவு.

விசாவில் வந்தவர்கள் கவனிக்க

"ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுத்தால் கவலையில்லை" என்ற அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது. வரிச் சட்டப்படி நான்ரெசிடென்ட், அதாவது வரிக்கணக்கில் இங்கே குடியிருப்பவர் அல்லாதவர், ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுக்கவே முடியாது. 1040-என்ஆர் படிவத்தில் அவர் தாக்கல் செய்வார், அதற்கென உள்ள ஷெட்யூல் ஏ-யில் மாநில வரியைக் கழிப்பார். பிறகு ரீஃபண்ட் வந்தால் அது பொதுவாக வருமானமாகிவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கு நம்மவர்கள் பலரையும் தொடும். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு, இந்தியாவிலிருந்து வந்த மாணவர்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனை அனுமதிக்கிறது. ஆகவே எஃப்-1 விசாவில் படித்துக்கொண்டே வேலை பார்த்து அதை எடுத்துக்கொண்ட மதுரை மாணவிக்கு அடுத்த வருட மாநில ரீஃபண்டில் வரி இல்லை. அதே பல்கலைக்கழகத்தில், அதே சம்பளத்தில் இருக்கும் யாழ்ப்பாண மாணவிக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் மாநில வரியைக் கழித்திருந்தால் ரீஃபண்டைக் காட்ட வேண்டும். ஒரே அறையில் தங்கியிருக்கும் இருவரும் ஒருவர் ரிட்டர்னைப் பார்த்து இன்னொருவர் எழுதினால் ஒருவருக்குக் கட்டாயம் தப்பாகும்.

அக்டோபரில் எச்-1பி விசாவோடு சென்னையிலிருந்து நேராக வந்து இறங்கியவருக்கும் இது பொருந்தும். அந்த முதல் ஆண்டில் அவர் பொதுவாக நான்ரெசிடென்ட், மாணவர் சலுகையும் கிடையாது. மூன்று மாதச் சம்பளத்தில் மாநில வரி பிடித்திருப்பார்கள், அதைக் கழித்திருப்பார், ரீஃபண்டும் வந்திருக்கும். இரண்டாம் ஆண்டில் அவர் எல்லோரையும்போல ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுப்பதால், போன வருடமும் அப்படித்தான் என்று நினைத்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவார்.

வங்கிக்கு வந்தது ஒன்று, படிவத்தில் இருப்பது ஒன்று

வங்கியில் 600 டாலர்தான் விழுந்தது, படிவத்தில் 1,000 என்று இருக்கிறது என்றால் பதறத் தேவையில்லை. மீதி 400-ஐ அடுத்த ஆண்டு வரிக்கு முன்பணமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம், அல்லது உங்களுடைய ஒரு பழைய பாக்கிக்கு மாநிலமே பிடித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் கைக்கு வராவிட்டாலும் உங்களுக்காகச் செலவான உங்கள் பணம்தான் அது. ரீஃபண்ட் தாமதமானதற்காக மாநிலம் வட்டி தந்திருந்தால் அது தனிக் கணக்கு. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுத்தவருக்கும் வட்டி வருமானமே.

வேலையே இழக்காத உங்களுக்கு முதல் கட்டத்தில் ஒரு தொகை இருந்தால் மட்டும் சும்மா விடாதீர்கள். கொரோனா காலத்தில் பிறர் பெயரில் உதவித்தொகை வாங்கிய மோசடிகள் ஏராளம் நடந்தன. உடனே மாநிலத்திடம் புகார் செய்து திருத்திய படிவம் கேட்க வேண்டும்.

ரீஃபண்ட் என்று பெயர் வைத்ததெல்லாம் ரீஃபண்ட் இல்லை என்பதற்கு 2022 நல்ல உதாரணம். கலிஃபோர்னியா அந்த ஆண்டு 1,050 டாலர் வரை கொடுத்த தொகைக்கு நடுத்தர வர்க்க வரி ரீஃபண்ட் என்று பெயர். அதற்கு வந்ததோ 1099-ஜி அல்ல, 1099-மிஸ்க். ஐஆர்எஸ்ஸே 2023 பிப்ரவரி தொடக்கத்தில், இது பற்றித் தெளிவாகும் வரை தாக்கல் செய்யாமல் பொறுத்திருங்கள் என்று சொல்லி, ஒரு வாரத்தில் அதைக் காட்டத் தேவையில்லை என்று அறிவித்தது. மாசசூசெட்ஸ் அதே காலத்தில் கொடுத்தது கட்டிய வரியில் ஏறக்குறைய 14 சதவீதம். அது அசல் வரித் திருப்பம், அதனால் மேலே சொன்ன அதே விதி அதற்கும் பொருந்தியது.

எடிசன் தம்பதிக்கு இனி என்ன ஆகும்?

அவர்கள் ஏழு வருடமாக 1099-ஜியைப் பார்த்தும் பார்க்காமலும் இருந்து பழகியவர்கள். உச்சவரம்பு காப்பாற்றியது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அந்த உச்சவரம்பை 2025-ஆம் ஆண்டுக்கு 40,000 டாலராக உயர்த்தியது. வருமானம் 5 லட்சம் டாலரைத் தாண்டியவர்களுக்கு இது படிப்படியாகக் குறையும். இவர்கள் அந்த உயரத்தில் இல்லை.

அதே எண்களை 2025-க்குப் போட்டுப் பாருங்கள். சொத்து வரியும் மாநில வரியும் சேர்ந்த 18,000-ஐ முழுசாகக் கழிக்கலாம். வீட்டுக் கடன் வட்டியோடு 40,000. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 31,500. வித்தியாசம் 8,500, லாபம் நிஜமாகவே கிடைத்திருக்கிறது. 2026-இல் 900 டாலர் ரீஃபண்ட் வந்தால் இந்த முறை அந்த 900-ம் வருமானம். 22 சதவீத வரி அடுக்கில் இருந்தால் அதற்கு 198 டாலர் வரி. அதற்கான படிவம் அவர்கள் கைக்கு வரப்போவது 2027 ஜனவரியில். அன்று சாஃப்ட்வேர் கேட்கும் கேள்விக்கு விடை 2025 ரிட்டர்னின் ஷெட்யூல் ஏ-யில் இருக்கும். அந்த பிடிஎஃப்பை இப்போதே எங்கேயாவது சேமித்து வைத்துவிடுவது நல்லது.